ஆற்றங்கரை நாடும் அனைத்துலக நீதிமன்றமும்

“இந்த வழக்கில் உமக்கென்ன சம்பந்தம்?”

நீதிமன்றத்தின் படியேறுகின்ற எவரிடத்தும் முதன்முதலாகக் கேட்கப்படுகின்ற கேள்வி இது. அடிபட்டவன் வந்து முறையிட்டால் கேட்பார்கள். அவனுக்காக அயலான் ஒருவன் வந்து நின்றால், அவன் எத்துணை உண்மை பேசினாலும், ‘நீர் யார்?’ என்னும் வினா அவனை வாசலிலேயே நிறுத்திவிடும். ஊர் வழக்குகளில் இதற்கு நியாயம் இருக்கிறது. ஊரார் அனைவரும் அடுத்தவர் வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் நீதிபதிக்கு உறக்கம் ஏது? ஆனால், ஓர் இனத்தையே வேரறுக்க முற்படுகின்றபோது, அவ்வினத்தாருக்கென்று ஒரு நாடும் கொடியும் இல்லாதபோது, யார் வந்து வழக்குரைப்பது?

1960-ஆம் ஆண்டு நவம்பரில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தின் படியேறின. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியாவில்) தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு நிறவெறி ஆட்சி நடத்துகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது அவற்றின் முறையீடு. ஆறாண்டுகள் வாதம் நடந்தது. 1966 ஜூலை 18-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து நின்றனர். தலைமை நீதிபதியாக இருந்த ஆஸ்திரேலியர் சர் பெர்சி ஸ்பெண்டர் தம்முடைய தலைமை வாக்கைப் போட்டு வழக்கைத் தள்ளிவிட்டார். காரணம் என்ன தெரியுமா? நிறவெறி நல்லதென்று அவர்கள் கூறவில்லை; கெட்டதென்றும் கூறவில்லை. ‘இதில் உங்களுக்குச் சட்டப்படியான உரிமை எதுவும் இல்லை’ என்றார்கள். உமக்கென்ன சம்பந்தம் என்ற அதே பழைய கேள்விதான்! ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் அந்தத் தீர்ப்பினால் அடைந்த கசப்பு கொஞ்சநஞ்சமன்று. அதன்பின் நீண்ட காலம் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் அந்த நீதிமன்றத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் விரும்பவில்லை.

நீதிமன்றத்துக்கே அந்தத் தீர்ப்பு உறுத்தியது போலும். நான்காண்டுகள் கழித்து, 1970-இல், ஸ்பெயின் நாட்டில் இயங்கிய ஒரு மின்சாரக் கும்பெனியின் பங்குதாரர்களைப் பற்றிய வழக்கு ஒன்று வந்தது. காசு பணம் சம்பந்தப்பட்ட அந்த வழக்கின் தீர்ப்புரையில், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், நீதிபதிகள் ஒரு செய்தியைச் சொருகி வைத்தார்கள். சில கடமைகள் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஆற்றுகின்ற கடமைகள் அல்ல, மனித சமுதாயம் முழுமைக்கும் ஆற்றுகின்ற கடமைகள். இனப்படுகொலை செய்யாதிருத்தல், அடிமைப்படுத்தாதிருத்தல், நிற வேற்றுமை பாராட்டாதிருத்தல் ஆகியவை அத்தகையவை. அவற்றில் எல்லா நாடுகளுக்கும் உரிமை உண்டு என்பது அச்செய்தியின் சாரம். கதவில் ஒரு துவாரம் விழுந்தது. ஆனால், நெடுங்காலம் அந்தத் துவாரத்தின் வழியே நுழைந்து பார்த்தவர் மிகச் சிலரே.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் நுழைந்து பார்த்த நாடு காம்பியா.

உண்மையைச் சொல்கிறேன். அச்செய்தி வந்த நாளில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த மதரஸாவில் ஒரு மாணவன் எழுந்து, “ஹஸ்ரத், காம்பியா எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. எத்தனையோ நாடுகளின் மன்னர்கள் பெயரையும் அரண்மனைகளின் பெயரையும் மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு, இந்த நாட்டை வரைபடத்தில் விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது. தேடியும் சட்டென்று அகப்படவில்லை. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், செனகல் நாட்டின் வயிற்றுக்குள் ஒரு கோடு இழுத்தாற்போல் கிடக்கின்றது. காம்பியா ஆற்றின் இரு கரைகளும்தாம் நாடு. அகலம் மிகுந்த இடத்திலும் ஐம்பது கிலோமீட்டர் அளவைத் தாண்டாது. பரப்பு ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு இல்லை. மக்கள் 24 இலட்சம் அளவினர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். நிலக்கடலைதான் நெடுங்காலமாக அவர்களுடைய வாணிபப் பொருள். அதற்கும் முந்திய வாணிபப் பொருள் மனிதர்கள்! ஆற்றின் நடுவே இருந்த கோட்டைத் தீவிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகள் ஏற்றப்பட்டார்கள். குந்தா கிந்தே தீவு என்று இன்று வழங்குகின்ற அவ்விடம் 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1965 பிப்ரவரி 18-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாட்டை முப்பதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக தாவ்தா ஜவாரா என்பவர் ஆண்டார். கால்நடை மருத்துவம் படித்தவர். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இராணுவத்தார் ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் தேர்தல் நடத்தி ஆண்டவர். ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று ஒரு மனித உரிமைச் சாசனம் வரைய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, அதனை வரைவதற்கான அமைச்சர்கள் கூட்டங்கள் 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் இவருடைய தலைநகரான பஞ்சுலில்தான் நடந்தன. 1981 ஜூனில் நைரோபி மாநாடு அதனை ஏற்றது. 1986 அக்டோபரில் அது செயலுக்கு வந்தது. இன்றும் அதற்குப் ‘பஞ்சுல் சாசனம்’ என்றே பெயர். அதனை மேற்பார்க்கும் ஆப்பிரிக்க ஆணையத்தின் அலுவலகமும் பஞ்சுலிலேயே அமைந்தது.

இவ்வளவும் இருந்தும் என்ன? 1994 ஜூலையில் யஹ்யா ஜாமே என்னும் இளம் இராணுவ அதிகாரி ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளில், மனித உரிமைச் சாசனத்தின் பெயர் தாங்கிய அதே ஊரில், உளவுத்துறைக் கட்டடத்துக்குள் மனிதர்களைக் கட்டி வைத்து வதைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஊர்வலம் சென்ற மாணவர்கள் சுடப்பட்டார்கள். 2004 டிசம்பரில் தைதா ஹைதரா என்னும் பத்திரிகையாசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005-இல் ஐரோப்பாவுக்குப் படகேற வந்த மேற்கு ஆப்பிரிக்கர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கானா நாட்டார், கொல்லப்பட்டனர். எய்ட்ஸ் நோய்க்குத் தாமே மூலிகை மருந்து கண்டதாகச் சொல்லி நோயாளிகளை அதற்கு ஆட்படுத்தியதும் உண்டு. 2015 டிசம்பரில் நாட்டை ‘இஸ்லாமியக் குடியரசு’ என்று அவர் அறிவித்தார். பெயர்ப்பலகையில் தீனுடைய பெயரை எழுதி உள்ளே வதைக்கூடம் நடத்தினால் அந்தப் பெயருக்கு நேரும் இழிவை யார் கழுவுவது? 2016 டிசம்பர் முதல் நாள் நடந்த தேர்தலில் ஆதமா பாரோ என்பவரிடம் ஜாமே தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு வாரம் கழித்து மறுத்துவிட்டார். பாரோ அண்டை நாடான செனகலின் தலைநகரில், தம் நாட்டுத் தூதரகத்தில் பதவியேற்க வேண்டியதாயிற்று. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை எல்லைக்குள் நுழைந்த பிறகே 2017 ஜனவரி 21-இல் ஜாமே விமானமேறினார்.

இந்த இருபத்திரண்டு ஆண்டுகளை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு நடந்ததற்கு வித்து இங்கேதான் கிடக்கின்றது. சொந்த நாட்டில் சட்டத்துக்கு இடமில்லாதபோது காம்பியாவின் சட்ட அறிஞர்கள் வெளியே சென்று உழைத்தார்கள். ஜவாராவின் சட்ட அமைச்சராக இருந்த ஹஸன் பூபக்கர் ஜாலோ, ருவாண்டா இனப்படுகொலை குறித்த ஐ.நா. நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞரானார். ஜாமேயின் காலத்தில் சிறிது காலம் சட்ட அமைச்சராயிருந்த ஃபாத்தூ பென்சூதா அம்மையார் 2012 முதல் 2021 வரை ஹேக் நகரின் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் தலைமை வழக்குரைஞராயிருந்தார். அபூபக்கர் தம்பாது என்னும் வழக்கறிஞர் ருவாண்டா நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, அந்நாட்டு முன்னாள் படைத்தலைவர் பிஸிமுங்குவின் வழக்கை நடத்தியவர்களுள் ஒருவரானார். இவ்வளவு சிறிய நாட்டில் இனப்படுகொலைச் சட்டம் தெரிந்தவர் இத்தனை பேரா என்று வியப்புத் தோன்றும். பெரிய நாடுகளுக்குப் படையும் பணமும் இருந்தன. இந்நாட்டிடம் இருந்தது இந்தக் கல்வி. 2017-இல் தம்பாது நாடு திரும்பிச் சட்ட அமைச்சரானார்.

இனி, பர்மாவுக்கு வருவோம். நம்மவர்க்கு ரங்கூன் அந்நியமான ஊர் அன்று. நம் பாட்டனார்கள் வணிகஞ்செய்து, பள்ளிவாசல் கட்டி, தொழுது வாழ்ந்த ஊர். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பின் கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாக, உடுத்த துணியோடு கப்பலேறி வந்தவர்களின் கதை நம் ஊர்களில் இன்னும் கேட்கும். அவர்களுக்குத் திரும்பி வர ஒரு தாய்நாடு இருந்தது. அரக்கான் கரையில் வாழ்ந்த ரோஹிங்கியா மக்களுக்கு அதுவும் இல்லை. 1799-லேயே பிரான்ஸிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முகம்மதியர் தம்மை இப்பெயரால் அழைத்துக்கொள்வதைக் குறித்து வைத்தார். இருந்தும் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று.

2017 ஆகஸ்ட் 25-இல் ஆயுதக் குழு ஒன்று முப்பதளவான காவல் நிலையங்களைத் தாக்கியதைச் சாக்காகக் கொண்டு இராணுவம் அம்மக்கள் மீது பாய்ந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்து வங்காள தேசத்துக்கு ஓடினர். ஐ.நா. அமைத்த உண்மையறியும் குழுவைப் பர்மிய அரசு நாட்டுக்குள் விடவில்லை. அக்குழுவினர் மூவருள் ஒருவர் இலங்கைத் தமிழ்ப் பெண்மணியான ராதிகா குமாரசுவாமி. வெளியிலிருந்தே 875 பேரின் வாய்மொழியை வாங்கி 2018-இல் அவர்கள் அறிக்கை தந்தார்கள். 392 கிராமங்கள் ஓரளவோ முற்றாகவோ அழிக்கப்பட்டதாகவும், படைத்தலைவர்களை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். இன் தின் என்ற ஊரில் பத்துப் பேரைக் கொன்ற படைவீரர் எழுவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது; ஓராண்டு முடிவதற்குள் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அந்தக் கொலையை வெளிக்கொணர்ந்த செய்தியாளர் இருவரோ அவர்களைவிட அதிக காலம் சிறையிலிருந்தனர்!

2018 மே மாதம் டாக்காவில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் மாநாடு கூடியது. காம்பியாவின் வெளியுறவு அமைச்சர் செல்ல இயலாமற்போகவே, அவருக்குப் பதிலாகத் தம்பாது அனுப்பப்பட்டார். காக்ஸ் பஜார் முகாம்களுக்கு அவரையும் அழைத்துச் சென்றார்கள். அங்கே அகதிகள் கூறிய செய்திகளைக் கேட்டபோது, ருவாண்டா வழக்குகளில் தாம் ஆண்டுக்கணக்கில் கேட்ட சாட்சியங்களே திரும்பவும் காதில் விழுந்தன என்று அவர் பின்னர் சொன்னார். மற்ற அமைச்சர்களும் அந்த முகாம்களைப் பார்த்தார்கள், கண் கலங்கினார்கள், ஊர் திரும்பினார்கள். தம்பாதுவோ, இது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று கணக்கிட்டார். ஒரு கொலைவழக்கு வக்கீலின் கண் அது. அன்று அசல் அமைச்சரே போயிருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கின்றேன். இறைநாட்டம் என்பதன்றி வேறென்ன சொல்ல?

57 நாடுகள் கொண்ட அந்த அமைப்பில் காம்பியாவைத் தவிர வேறு நாடு இல்லையா என்ற கேள்வி எழும். அதற்கு விடை சற்று நுணுக்கமானது. 1948 டிசம்பர் 9-இல் உருவான இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் 9-ஆவது விதி, நாடுகளுக்கிடையே எழும் சச்சரவை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல வழி செய்கின்றது. ஆனால் பல நாடுகள் கையெழுத்திடும்போதே, ‘எங்கள் சம்மதமின்றி இந்த விதி எங்களுக்குச் செல்லாது’ என்று ஒரு நிபந்தனையை எழுதி வைத்தன. அகதிகளைச் சுமந்து நின்ற வங்காள தேசம் அப்படி எழுதிய நாடுகளுள் ஒன்று. ஆகவே அது வழக்குத் தொடுப்பது எளிதாயில்லை. மலேசியாவும் எழுதியது. நம் இந்தியாவும் எழுதியது. ஐக்கிய அரபு அமீரகம் எழுதிய நிபந்தனை 2025 மே மாதத்தில் சூடான் தொடுத்த வழக்கிலிருந்து அதனைக் காப்பாற்றவே செய்தது. பர்மாவோ 1956-இல் உடன்படிக்கையை உறுதிசெய்தபோது, வேறு விதிகளுக்கு நிபந்தனை எழுதியதேயன்றி, இந்த ஒன்பதாவது விதியை அப்படியே ஏற்றுவிட்டது. 1978-இல் சேர்ந்த காம்பியாவும் நிபந்தனை எதுவும் எழுதவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் தம்பாது நுழைந்தார். சவூதி அரேபியா, எகிப்து, துருக்கி, பாகிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளும் அந்த விதிக்கு நிபந்தனை எழுதாதவையே. படையும் எண்ணெய்க் கிணறும் உடைய அந்நாடுகளுக்கும் வழி திறந்தே இருந்தது. அவை ஆதரவுத் தீர்மானம் இயற்றின, காம்பியா வழக்கேறியது.

2019 டிசம்பர் 10, 11, 12 நாட்களில் ஹேக் நகரின் அமைதி மாளிகையில் இடைக்கால உத்தரவுக்கான விசாரணை நடந்தது. பர்மாவின் சார்பில் வந்து நின்றவர் யார்? 1991-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்ற ஆங் சான் சூச்சி அம்மையார்! தம்மைப் பதினைந்தாண்டுகள் வீட்டுச்சிறையில் வைத்த அதே இராணுவத்துக்காக அவர் வாதாடினார். காம்பியா தரும் சித்திரம் முழுமையற்றது, தவறான எண்ணத்தைத் தருவது என்றார். சில இடங்களில் அளவுக்கு மீறிய பலம் பயன்பட்டிருக்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். ஓராண்டும் சில வாரங்களும் கழிந்து, 2021 பிப்ரவரி முதல் நாள் அதே இராணுவம் அவரை மீண்டும் சிறையில் தள்ளிற்று.

அந்த நீதிமன்றத்தில் வழக்காடும் நாடு தன் சார்பில் ஒரு நீதிபதியை அமர்த்திக்கொள்ளலாம். காம்பியா தேர்ந்தெடுத்தவர் நவநீதம் பிள்ளை. டர்பன் நகரில் 1941-இல் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்மணி. நிறவெறி ஆட்சியில் வழக்கறிஞராயிருந்தவர். ருவாண்டா நீதிமன்றத்தில் அமர்ந்து 1998-இல் இனப்படுகொலைக் குற்றத்துக்கு முதல் அனைத்துலகத் தண்டனை விதித்த நீதிபதிகளுள் ஒருவர். எந்த நிறவெறியை எதிர்த்து இரண்டு ஆப்பிரிக்க நாடுகள் போட்ட வழக்கு 1966-இல் வாசலிலேயே விரட்டப்பட்டதோ, அந்த நிறவெறியின் கீழ் வளர்ந்தவர், அதே மாளிகையில், இன்னோர் ஆப்பிரிக்க நாட்டின் நீதிபதியாக அமர்ந்தார்.

2020 ஜனவரி 23-இல் உத்தரவு வந்தது. பர்மா அமர்த்திய ஜெர்மானிய நீதிபதி உட்பட 17 பேரும் ஒருமனதாயிருந்தனர். ரோஹிங்கியா மக்களைக் கொலையிலிருந்து காக்க வேண்டும். படையினரை அடக்கி வைக்க வேண்டும். சாட்சியங்களை அழிக்கக் கூடாது. குறித்த காலத்துக்கொரு முறை அறிக்கை தர வேண்டும். அவ்வுத்தரவை வாசித்தவர் தலைமை நீதிபதி அப்துல்கவி அஹ்மத் யூசுஃப், சோமாலியர்.

பர்மா விட்டுவிடவில்லை. அந்தப் பழைய கேள்வியையே கையிலெடுத்தது. காம்பியா ஏறத்தாழ 11,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கிறது. அதன் குடிமகன் ஒருவனுக்கும் கீறல்கூட விழவில்லை. உண்மையில் வழக்காடுவது இஸ்லாமிய அமைப்பு, காம்பியா அதன் முகமூடி. உமக்கென்ன சம்பந்தம்? 2022 ஜூலை 22-இல் நீதிமன்றம் விடை கூறிற்று. உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் அது காக்கப்பட வேண்டும் என்பதில் பொதுவான உரிமை உண்டு. பாதிக்கப்பட்டவன் உன் குடிமகனா என்று கேட்க வேண்டியதில்லை என்று கூறிற்று. பதினாறு நீதிபதிகளில் சீன நாட்டவரான அம்மையார் ஒருவர் மட்டும் இதில் மாறுபட்டார். இந்தத் தீர்ப்புக்குத் துணைநின்ற முந்திய தீர்ப்பு, செனகலில் அடைக்கலம் புகுந்திருந்த சாது நாட்டுக் கொடுங்கோலன் ஹிஸ்ஸேன் ஹப்ரே குறித்து 2012-இல் பெல்ஜியம் பெற்றது. 1966-இல் மூடிய கதவு திறக்க ஐம்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன. 2023 டிசம்பரில் காஸாவுக்காகத் தென்னாப்பிரிக்கா அதே வழியில்தான் நடந்து சென்றது.

அரபு மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தத் தீர்ப்பு புதுமையாகத் தோன்றாது. ஷாஃபியீ ஃபிக்ஹு நூல்களில் ‘ஷஹாதத்துல் ஹிஸ்பா’ என்று ஒரு பாடம் உண்டு. அல்லாஹ்வின் உரிமை எனப்படும் விஷயங்களில், வழக்காளி என்று ஒருவர் வராவிட்டாலும், அறிந்தவர் தாமாகவே காளியின் முன் சென்று சாட்சி கூறலாம். அந்தச் சாட்சியம் ஏற்கப்படும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னர் மக்காவில் கலந்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கையையும் நாம் அறிவோம். ஸபீதிலிருந்து வந்த ஓர் அயலூர் வணிகரின் பொருளை வாங்கிக்கொண்டு, மக்காவின் பெரும்புள்ளி ஒருவர் விலை தர மறுத்தார். வணிகருக்கு அங்கே குலமில்லை, துணையில்லை. மலையேறி நின்று கூவினார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்கு உரிமை கிட்டும்வரை அவர் பக்கம் நிற்பதென்று உறுதி பூண்டனர். இஸ்லாம் வந்த பின்னரும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று பெருமானார் கூறியதாக அறிவிப்பு உண்டு. இவற்றைப் பாடமாக ஓதுகின்ற நாம் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஹேக் நகரில் இதனைச் செய்து காட்டியவர் கடலைக் காடுகளின் நாட்டிலிருந்து வந்தார் என்பதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

ஆனால் காம்பியாவைப் பளிங்குச் சிலையாக்கி வைக்கவும் நான் விரும்பவில்லை. தன் வீட்டுக் கணக்கில் அது மெதுவாகவே நடந்தது. ஜாமேயின் கொடுமைகளை விசாரித்த ஆணையம் 2019 முதல் 2021 வரை சாட்சிகளைக் கேட்டு, அவர் மீது வழக்குத் தொடுக்கப் பரிந்துரைத்தது. அவரோ எக்குவட்டோரியல் கினியில் அடைக்கலம். அவருடைய ஆட்களுள் சிலரைத் தண்டித்தவை வெளிநாட்டு நீதிமன்றங்களே: 2023-இல் ஜெர்மனி, 2024-இல் சுவிட்சர்லாந்து, 2025-இல் அமெரிக்கா. பிறருக்காகக் காம்பியா செய்ததை, காம்பியாவின் மக்களுக்காகப் பிறர் செய்தனர் என்று சொல்லலாம். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 2024 டிசம்பரில்தான் இதற்கென ஒரு தனி நீதிமன்றம் அமைக்க இசைந்தது.

ரோஹிங்கியா மக்களும் உத்தரவினால் ஊர் திரும்பிவிடவில்லை. 2024-இல் இராணுவத்துக்கும் அரக்கான் படைக்கும் நடந்த போரில் இருபுறமும் நசுங்கியவர்கள் அவர்களே. குடியுரிமை இல்லை என்று சொன்ன அதே இராணுவம் அவர்களைப் பிடித்துப் படையில் சேர்த்தது. ஆயினும் வழக்கு உயிரோடிருந்தது. கனடா, பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நாடுகள் சேர்ந்து இணைந்தன. மாலத்தீவு தனியாக வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு சின்னஞ்சிறு நாடு.

2026 ஜனவரி 12-ஆம் நாள், வழக்குத் தொடுத்து ஆறாண்டுகளுக்குப் பின், முழு விசாரணை தொடங்கிற்று. தம்பாது 2020-லேயே பதவியை விட்டு ஐ.நா. பணிக்குச் சென்றுவிட்டார்; அவருக்குப் பின் சட்ட அமைச்சரான தாவ்தா ஜாலோ காம்பியாவின் சார்பில் எழுந்து பேசினார். சாட்சிகளை விசாரிக்கும் நாட்களில் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் அனுமதி இல்லை. மூடிய கதவுகளுக்குள், அந்த மாளிகையின் நீதிபதிகளுக்கு முன்னால், ரோஹிங்கியா மக்கள் தங்கள் வாயால் பேசினார்கள்.